வெட்டியதைச் சொல்லிவிட்டு அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார அறிவியல் பக்கத்தில் நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் கணினிப் படத்தைப் பாதியாக வெட்டி வெளியிட்டிருந்தீர்கள். வெட்டியதைக் குறை சொல்லவில்லை. வெட்டாவிட்டால் அந்தப் படத்தால் பயனே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பள்ளம்தான் தெரியும். மேற்பரப்பை அறுத்தால்தான் ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஆழத்துக்கு இறங்கும் இடுக்கும், அதன் அடிப்பக்கத்தில் வினை நடக்கும் இடமும் கண்ணில் படும். மின்திருக்கை மீனின் இந்த நொதியமைப்பு 1991இல் வெளியானபோது, இவ்வளவு வேகமான நொதிக்கு இவ்வளவு குறுகிய வாசலா என்றுதான் வியந்தார்கள்.

என் குறை படக்குறிப்பில். ஆரஞ்சு நிறத் தட்டைப் பகுதியை 'நொதியின் உட்புறம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மென்பொருள் பூசிய வண்ணம், ஐயா. நீர் மூலக்கூறுக்குப் பதிலாக 1.4 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள ஒரு பந்தை அணுக்கள் மேல் உருட்டிக் கணக்கிட்ட தோல்தான் அந்த மேற்பரப்பு. சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்தது. அதை அறுத்தால் உடைந்த முட்டை ஓடுபோல் உள்பக்கம் காலியாகத் தெரியும். மூலக்கூறுப் படம் வரையும் மென்பொருள்களில் கைமெராஎக்ஸ் அந்த வாயைத் தானாகவே மூடி போட்டு அடைத்துவிடும். பைமால் திரையில் ஓடாகவே விட்டுவிடும். உண்மையில் உள்ளே காலியும் இல்லை, வழவழப்பான மாவும் இல்லை. அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.

நானே ஏமாந்திருக்கிறேன். முதன்முதலாக வகுப்பில் இதை வெட்டிக் காட்டிவிட்டு மூலக்கூறைச் சுழற்றினேன். இடுக்கு அகலமானது, அப்புறம் காணவே காணோம். "மூடிக்கிச்சா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு முழுக்க மேற்பரப்பைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. கடைசியில்தான் புரிந்தது: வெட்டுத்தளம், அதாவது மென்பொருள் படத்தை அறுக்கும் தளம், பார்வையோடு ஒட்டியிருந்தது, மூலக்கூறோடு அல்ல. சுழற்றச் சுழற்றக் கத்தி வேறு இடத்தில் இறங்கியிருக்கிறது! ஜேமால் என்ற இன்னொரு மென்பொருளில் எத்தனை சதவீத ஆழத்தில் என்று கொடுத்து வெட்டினாலும் இதே கதைதான். தளத்தை மூலக்கூறோடு பிணைத்துவிட்டுச் சுழற்ற வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

அடுத்த முறை எங்கே வெட்டினீர்கள், வெட்டுமுகத்து நிறம் எப்படி வந்தது என்று குறிப்பில் ஒரு வரி சேருங்கள். இடமிருந்தால் வெட்டாத படத்தையும் கட்டைவிரல் அளவில் பக்கத்தில் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை