கோல்ஸ்டன் சிலையைப் பற்றி மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

அடிமை வியாபாரிகளின் சிலைகளை அகற்றினால் வரலாறே அழிந்துபோகும் என்று குடும்ப வாட்ஸாப்பில் எழுதியிருந்தீர்கள். மலேசியாவில் கிள்ளான் பக்கத்து நம் காப்பாரில் பலரும் இதையே சொல்வதால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து எட்வர்ட் கோல்ஸ்டனையே பாருங்கள். அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் இருந்த காலத்தில் அந்தக் கம்பெனி கப்பலேற்றிய ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 84,000 பேர். அவர்களில் சுமார் 19,000 பேர் வழியிலேயே செத்தார்கள். 1895இல் அவருக்குச் சிலை வைத்தவர்கள், ஊரின் ஒழுக்கமும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று பலகையில் எழுதினார்கள். அடிமை என்ற பேச்சே அதில் இல்லை. உண்மையைச் சொல்லும் புதுப் பலகை வைக்க முயன்றபோது, வாசகத்தில் தகராறு வந்து அதுவும் நின்றுபோனது. 2020 ஜூன் 7ஆம் தேதி, போராட்டக் கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. நகராட்சியே முன்கூட்டி இறக்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். இப்போது அதே சிலை, பூசிய பெயிண்ட்டோடு அருங்காட்சியகத்தில் படுத்த வாக்கில் இருக்கிறது. அவர் செய்த வியாபாரத்தையும் அங்கே படிக்கலாம். பழைய பலகையைப் படித்துப் போன பிள்ளைகளுக்கு இது தெரிய வழியில்லை.

வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டை நமக்கெதற்கு என்றும் கேட்டீர்கள். 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட பிரிட்டன், முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளுக்குக் காலணா இல்லை. அதில் பெருந்தொகை வாங்கிய தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டன்தான், அடிமைகளுக்குப் பதிலாக 1838இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்கு வரவழைத்தார். அதே ஒப்பந்த முறையில்தான் நம்மவர்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பள உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அதற்காகக் குண்டடி பட்டுச் செத்தவர்கள் உண்டு. வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். ஊர் நடுவே பீடத்தில் நிற்கும் அடிமை வியாபாரியும் தினம் அந்த மரியாதையைத்தான் கேட்கிறான், அவன் விற்றவர்களின் பேரப்பிள்ளைகளிடமே. அதைக் கொடுக்கச் சொல்ல நமக்கு மனம் வரலாமா?

உடைத்துப் போடச் சொல்லவில்லை மாமா. பீடத்தைவிட்டு இறக்கி, அவன் செய்ததை முழுசாக எழுதி, கூரைக்குக் கீழே வைக்கட்டும். இதை நீங்கள் மறுக்கலாம். ஆனால் 1895ஆம் வருஷத்துப் பலகையில் எந்த வரலாறு இருந்தது என்று முதலில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
காப்பார்