இந்தத் தையில் எங்களுக்கு மேடை வேண்டாம்: ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டின் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் இருளர் பதியைச் சேர்ந்தவள் நான். பதி என்றால் எங்கள் ஊர்க் குடியிருப்பு. பன்னிரண்டாவது வரை படித்தேன். இப்போது எங்கள் பதி மகளிர் குழுவின் கணக்குநோட்டு என் கையில் இருக்கிறது. இதை மனுவாகவே கொடுத்திருக்கலாம். ஆனால் மனுவுக்கு ஒரு எண் விழும், ஒரு ரசீது வரும், அத்தோடு சரி. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

வருகிற தை மாதம் பழங்குடிக் கலைவிழா இருக்கிறது, எங்கள் பதியிலிருந்து பன்னிரண்டு பெண்களை அனுப்ப வேண்டும் என்று தகவல் வந்தது. நாங்கள் வரவில்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு விழாவுக்குப் போனோம். நடத்தியது யார் என்பது இங்கே தேவையில்லை. காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. மேடை ஏறும்போது இரவு ஒன்பது. எல்லாருக்கும் ஒரே பச்சையில் பாலியஸ்டர் சேலை, தலையில் கட்டிக்கொள்ள பிளாஸ்டிக் இலை. இலை எங்கள் காட்டில் இல்லாத பொருளா என்று என் நாத்தனார் கேட்டுவிட்டுச் சிரித்தாள். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம். எங்கள் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் சூடு பிடிக்காது. பொறை என்கிற எங்கள் மேளத்தின் தோலை நெருப்பில் காட்டி இழுத்துவிட்டு, குழல்காரர் மூச்சைப் பிடித்து, முதல் வட்டம் சுற்றி முடிப்பதற்குள் உங்கள் ஐந்து நிமிடம் தீர்ந்துவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. மதியம் ஒத்திகை பார்க்கச் சொன்னார்கள். அடித்துப் பார்த்ததில் ஒரு அடி மட்டும் ஒருங்கிணைப்பாளர் தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அந்த வேகமான ஐட்டம் நல்லாருக்குங்க, அதையே போட்டுருங்க" என்றார். அது சீருக்கு அடிப்பது. செத்துப்போனவர்களுக்குப் பிற்பாடு பதியே கூடிச் செய்யும் சடங்குக்கு நாங்கள் சீர் என்று சொல்வோம். எங்கள் பெரியம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: "அது யாராச்சும் போய்ச் சேர்ந்தாத்தான் கண்ணு ஆடறது." அந்தத் தம்பி சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "பரவால்லீங்க, கீழ உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியவா போகுது?"

நாங்கள் அதை ஆடவில்லை. வேறு எதையோ பாதி ஆடி இறங்கினோம். வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. பெரியம்மா அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை.

அன்று எங்களுக்கு முன்னால் வள்ளிகும்மி நடந்தது. ஒரு தப்பும் சொல்ல முடியாத ஆட்டம். நூறு பெண்கள் ஒரே கால் வைத்தார்கள். அந்தக் கலைக்காக வாழ்நாளைக் கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் பதியிலும் சந்தோஷப்பட்டோம். வள்ளிகும்மி எப்படி மீண்டு வந்தது என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில், களத்துமேட்டில், வேலை முடிந்து வந்த பெண்களும் பிள்ளைகளும் பொழுதுசாய நின்று, வாரக்கணக்கில் கால் பழகினார்கள். அரங்கேற்றம் கடைசியில்தான் வரும். எங்களிடம் மட்டும் ஏன் நேராக அரங்கேற்றத்தைக் கேட்கிறீர்கள்?

(வள்ளி யார் என்பதும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தினைப்புனம் காத்த மலைப்பெண். எங்கள் அத்தை இன்றைக்கும் பரண்மேல் ராத்திரி கண்விழித்து ராகிக்காடு காக்கிறார். ஆலோலம் பாடி இல்லை, யானையை விரட்டத் தகர டப்பாவைத் தட்டி. முருகன் வந்தாலும் டப்பா சத்தத்தில் ஓடிவிடுவார்.)

போன தையில் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். ராகி அறுத்து முடித்த கையோடு மூன்று நாள், முப்பது பெண்கள், எங்கள் பதியில். தாளவாடிப் பக்கமிருந்து சோளகர் பெண்கள் ஐந்து பேர், வால்பாறை மேலிருந்து காடர் பெண்கள் மூன்று பேர், மலசர் பதியிலிருந்து ஒரு பாட்டியும் அவர் பேத்தியும். மைக் கிடையாது, சால்வை கிடையாது. சோளகர் பேச்சில் கன்னட வாடை, காடர் பேச்சில் மலையாள வாடை. முதல் நாள் பாதி நேரம் நீ சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டே போனது.

இரண்டாம் நாள் காலையில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சோளகர் பாட்டி ஒருவரிடம் ராகி அரைக்கிற பாட்டைக் கேட்டோம். இரண்டு அடி பாடினார், நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். "மில்லு வந்து எத்தனை வருசமாச்சு, எல்லாம் போச்சு" என்று கையை விரித்தார். என் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த திருகையைக் கழுவிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, குழியில் ஒரு பிடி ராகியைப் போட்டார். பாட்டி முளையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கல் கரகரவென்றது. மூன்றாவது சுற்றில் பாட்டு வந்துவிட்டது. நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. கல் ஒரு சுற்று வந்து முடிகிற இடத்தில் அடி முடிகிறது, தானியம் போடக் கை எடுக்கிற இடத்தில் ஒரு இழுப்பு. பாட்டு அவர் கையில்தான் இருந்திருக்கிறது, நாங்கள் வாயில் தேடிக்கொண்டிருந்தோம். என் பன்னிரண்டு வயது மகள் எதிரே உட்கார்ந்து முளையைச் சேர்த்துப் பிடித்தாள். மதியத்துக்குள் எட்டு அடி அவளுக்கு வந்துவிட்டது. அந்த மாவில்தான் இரவு களி.

இதை எந்த மேடையில் செய்ய முடியும்?

காடர் பெண் ஒருத்தி கொண்டைச் சீப்பைக் கழற்றிக் காட்டினாள். மூங்கிலில் செய்தது, பல்லுக்கு மேலே முழுக்கக் கோடும் கட்டமுமாகக் கீறல் வேலை. காடரில் கட்டிக்கப்போகிறவன் தன் கையால் செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அவள் மாட்டியிருந்தது அவள் பாட்டியுடையது. அவளுக்கு வந்தது கடைச் சீப்பு, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெண்கள் கூடினால் எல்லாக் கலையும் மீண்டுவிடும் என்று நினைத்த எனக்கு அங்கே ஒரு குட்டு விழுந்தது. அடுத்த முறை பையன்களையும் கூப்பிட வேண்டும், கையில் கத்தியோடு.

மூன்றாம் நாள் கூடை, முறம். இங்கேதான் உங்களிடம் வருகிறேன்.

முறம் முடையப் பச்சை மூங்கில் வேண்டும். எங்கள் ஆட்கள் தேய்பிறையில்தான் வெட்டுவார்கள், வளர்பிறையில் வெட்டினால் உளுத்துப்போகும் என்பார்கள். மழைக்குக் குருத்து விடுகிற காலத்தில் தூரைத் தொடமாட்டார்கள். அந்த வருடக் கழி இளசு, அதையும் விட்டுவிடுவார்கள். முற்றின கழியில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் தூர் செழிக்கும். இவ்வளவு கணக்குத் தெரிந்த பெண்களுக்கு அன்று கிடைத்தது டவுன் டிப்போவில் காசு கொடுத்து வாங்கிய காய்ந்த கழி. கொடுவாளை வைத்துப் பிளந்ததும் பச்சை மூங்கில் படபடவென்று நேராக வாய் விடும். இது கோணிக்கொண்டு போய் நடுவில் ஒடிந்தது. பத்தை எடுத்தால் சிம்பு சிம்பாக வந்தது, விரலெல்லாம் கீறல். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் கை வராது என்று நினைத்திருப்பார்கள். கை சரியாகத்தான் இருந்தது. கழிதான் செத்துப்போயிருந்தது.

எங்கள் பதிக்கு மேலே நடந்து அரைமணி நேரத்தில் மூங்கில் இருக்கிறது. போன வருடம் என் நாத்தனார் இரண்டே இரண்டு கழியைத் தோளில் போட்டு வந்தாள். ஒரு சோதனைச்சாவடியில் இறக்கி வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தாள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூல் என்ற பட்டியலிலேயே மூங்கிலைச் சேர்த்திருக்கிறது. வழிவழியாகச் சேகரித்தவர்களுக்கு அதை எடுக்க, பயன்படுத்த, விற்க உரிமை உண்டு என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. 2012இல் திருத்திய விதிகளின்படி, அதை எடுத்துப் போவதற்கான சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவே கொடுக்கலாம். 2017இல் பழைய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற கணக்கிலிருந்து எடுத்தார்கள். அது தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவியது. எங்களுக்குத் தோட்டம் இல்லை. வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கேட்டு எங்கள் பதி கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. அதற்குக் கடைசி முடிவு சொல்லும் மாவட்ட அளவிலான குழுவின் தலைவர் நீங்கள்தான்.

கலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் அலுவலர் ஒருவர் கேட்கக்கூடும். நீலகிரியில் தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லது. அவர்களுக்குத் துணியும் நூலும் கடையில் கிடைக்கும். எங்கள் நூல் காட்டில் வளர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்ணிச்செடியில் செய்யுங்கள், அது காடெல்லாம் மண்டிக் கிடக்கிறதே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். செய்கிறோம். வேகவைத்துத் தோலுரித்தால் நாற்காலிக்கு அருமையாக வளையும், காட்டுக்கும் நல்லது. ஆனால் அதில் முறம் முடைந்து ராகி புடைத்துப் பாருங்கள், தெரியும்.

எனவே நான் கேட்பது இதுதான். எங்கள் பதிக்கு அந்த விழாவில் ஒதுக்கிய பணம் எவ்வளவோ, அதை இந்தக் கூடலுக்குத் திருப்பிவிடுங்கள். தாளவாடியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பஸ் செலவு, மூன்று நாள் கூலி, அரிசி, ராகி, எண்ணெய். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அதனால்தான் கூலியை எழுதினேன், பேராசை என்று நினைக்க வேண்டாம். சொல்லித்தருகிற பாட்டிகளுக்குப் பொன்னாடைக்குப் பதில் பணமாகக் கொடுங்கள். வீடியோ எடுப்பதானால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதை எங்கள் பதித் தலைவரான மூப்பனும், சடங்கு செய்யும் மண்ணுக்காரனும், பெரியம்மாக்களும் உட்கார்ந்து சொல்வார்கள். சீர்ப் பாட்டு அந்தப் பட்டியலில் இருக்காது.

விண்ணப்பத்தை இந்த மழை முடிவதற்குள் குழுவின் முன் வையுங்கள். தையில் முறம் முடைய வேண்டுமானால் மார்கழித் தேய்பிறையில் கழி வெட்டியாக வேண்டும். நிலா உங்கள் கூட்டத் தேதிக்குக் காத்திருக்காது.

நீங்கள் வந்தால் சந்தோஷம். நாற்காலி இருக்காது, பாய் இருக்கும். வருவதானால் முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். கையால்தான் அரைக்கிறோம், கூட ஒரு படி ராகி அரைக்க நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
பதி மகளிர் குழுவின் கணக்கு எழுதுபவள்