தனிப் பயிற்சியாளரைச் சேரும் நாளிலேயே அமர்த்திக்கொள்ள வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் என வட சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் இப்போது கடைத்தெரு மாடிகளில் ஜிம் பலகைகளைப் பார்க்கிறோம். முன்பு கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமே படியேறிய அந்த மாடிகளுக்கு இன்று இல்லத்தரசிகளும், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் போகிறார்கள். மிகவும் நல்ல மாற்றம் இது. ஆனால் அப்படிச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலேயே, "தனியாக ஒரு டிரெய்னர் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கேட்கப்படும் விதம் தங்களுக்கும் தெரிந்திருக்கலாம். வரவேற்பு மேசையில் இருக்கும் தம்பி ஓர் அச்சடித்த அட்டையை நம் பக்கம் திருப்பிவைத்து, "அக்கா, இன்னைக்கே சேர்ந்தா இந்த ரேட். நாளைக்கு வந்தா ஆஃபர் கிடையாது" என்கிறார். எங்கள் பகுதியில் சாதாரண உறுப்பினர் கட்டணம் மாதத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. தனிப் பயிற்சி என்றால் அதற்கு மேல் மாதம் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் குறைத்துத் தருவதாகவும் சொல்கிறார்கள். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்த பிறகு எண்ணிச் செலவு செய்கிற குடும்பங்களுக்கு இது சிறிய தொகை அல்ல. இவ்வளவு பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை, நம் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, அந்தக் கூடத்தில் யார் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எதுவுமே தெரியாத ஒரு மாலை நேரத்தில் முடிவு செய்யச் சொல்வது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு மாதத்துக்குச் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்து, இரண்டு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சலுகை போய்விடும் என்ற பயம் தேவையில்லை; அது அடுத்த மாதமும் வேறு பெயரில் வரும்.

தனிப் பயிற்சியாளரே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அவர் கட்டாயம் தேவை. நாற்பது வயதைத் தாண்டி முதன்முறையாக எடை தூக்கப் போகிறவர்கள், முழங்கால் அல்லது இடுப்பு வலி இருந்து மருத்துவரின் அனுமதியோடு வருகிறவர்கள், பிரசவத்துக்குப் பின் மீண்டும் தொடங்குகிற பெண்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்வது செலவுக்கு ஏற்ற பயனைத் தரும். எனக்கும் சர்க்கரை நோய் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்ளும் உறுப்பு தசைதான். எனவே எடைப் பயிற்சி எங்களைப் போன்றவர்களுக்கு மருந்துக்குத் துணையாக நிற்கிறது. அதே நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின் நடுவிலோ, முடித்து வீடு திரும்பிய பின்னோ சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றைப் பயிற்சிக் களைப்பு என்று எண்ணி, "இன்னும் ஒரு செட்" என்று சொல்கிற பயிற்சியாளர் ஆபத்தானவர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எடையைத் தூக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும்; தூக்கும்போது மூச்சை விட வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தர வேண்டும். ஆகவே, பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் நம் உடம்பின் நிலையை நாம் அறிந்துகொள்வது நல்லது. அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். தீராத மூட்டு வலி, நரம்பு இழுப்பு போன்றவற்றுக்கு ஜிம் பயிற்சியாளரிடம் போகாமல், ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும்.

நல்ல பயிற்சியாளர் எப்படி இருப்பார் என்பதற்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தவரையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். குத்துச்சண்டை பழகி வளர்ந்த இந்தப் பகுதி இளைஞர் அவர். முதல் வகுப்பில் என்னை ஒரு டம்பெல்லைக்கூடத் தொட விடவில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், கடைசியாக எப்போது சாப்பிட்டேன், பாதத்தில் புண்ணோ மரத்துப்போன இடமோ இருக்கிறதா என்று கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்காரச் சொல்லி, கைகளை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். நான் எழும்போது என் வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்வதைக் கவனித்து, "அம்மா, முட்டி கால்விரலைப் பார்த்து நிக்கட்டும்" என்றார். அவசரப்படாமல், அது சரியாகும்வரை அதையே செய்யவைத்தார். தொட்டுத் திருத்த வேண்டிய இடத்தில் முதலில் அனுமதி கேட்டார். அடுத்தடுத்த வகுப்புகளில் எவ்வளவு எடை, எத்தனை முறை என்று அதே நோட்டில் ஏறிக்கொண்டே வந்தது. அதே நேரத்தில் பக்கத்து மூலையில் இன்னொரு பயிற்சியாளர் கைப்பேசியில் படம் தள்ளிக்கொண்டே "எட்டு, ஒன்பது, பத்து" என்று எண்ணிக்கொண்டிருந்தார்; அவரிடம் பயில்கிறவரின் முதுகு வில்லாக வளைந்திருந்ததை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இருவருக்கும் கட்டணம் ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன், நமக்கு வரப்போகிறவர் வேறொருவருக்கு வகுப்பு எடுப்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இருபது வயதில், எந்த நோயும் இல்லாமல், கொஞ்சம் எடை குறைய வேண்டும் அல்லது உடம்பு திடமாக வேண்டும் என்று வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தனிப் பயிற்சியாளர் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். இதற்கு மாநகராட்சிப் பூங்காவில் நடையும், கூடத்தில் பொதுவாக நிற்கும் பயிற்சியாளரின் வழிகாட்டுதலும் போதும். கருவிகளை எப்படிக் கையாள்வது என்று காட்டுவது உறுப்பினர் கட்டணத்துக்குள் அடங்கிய கடமை. தனிக் கட்டணம் கட்டாதவர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற கூடத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

தேவைப்படுகிறவர்களுக்கும்கூட வருடக்கணக்கில் தேவையில்லை. ஓட்டுநர் பள்ளியில் வண்டி பழகியவர் ஆயுள் முழுவதும் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது என்னும் அடிப்படை அசைவுகளைப் பிழையில்லாமல் செய்யவும், எடையை எப்போது கூட்ட வேண்டும் என்று அறியவும் இரண்டு மூன்று மாதம் பெரும்பாலோருக்குப் போதும். அதன்பின் எப்போதாவது ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டித் திருத்திக்கொள்ளலாம். நான் அமர்த்தும்போதே, "மூன்று மாதத்தில் நான் தனியாகச் செய்யும்படி சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அப்படிக் கேட்டதும் மழுப்புகிறவர் நம்மைத் தன்னிடமே நிறுத்திவைக்கப் பார்க்கிறார் என்று பொருள்.

தகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோருக்கு இருப்பதைப் போல, ஜிம் பயிற்சியாளர் ஆவதற்கு நம் நாட்டில் சட்டப்படியான பதிவோ உரிமமோ கட்டாயமில்லை. தேசியத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ் ஃபிட்னஸ் டிரெய்னர் படிப்பு இருக்கிறது, ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம். போன்ற வெளிநாட்டு அமைப்புகளின் சான்றிதழ்களைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எதுவுமே இல்லாமல், தன் கைத்தசையையே சான்றிதழாகக் காட்டி வகுப்பு எடுப்பவர்களையும் பார்க்கிறோம். சான்றிதழைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யக் கற்றிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். புதிதாக வந்தவரை முதல் வாரத்திலேயே துவண்டு விழும்வரை செய்யவைப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. பழக்கமில்லாத தசை அளவுமீறி வேலை செய்யும்போது சிதைந்து, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போய், சிறுநீரகம்வரை பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் ராப்டோமயோலிசிஸ் என்கிறார்கள். அந்த நிறத்தைக் கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பணம் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஒரு கூடத்தில் தனிப் பயிற்சிக்கு மொத்தமாகப் பணம் கட்டினார். பாதியில் அவருடைய பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக, வந்து சில வாரமே ஆன ஒரு பையனை நிறுத்தினார்கள். மறுத்தபோது, "கட்டின பணத்தைத் திருப்பித் தர முடியாது" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எத்தனை வகுப்பு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், உடம்பு சரியில்லாமல் போனால் தள்ளிவைக்கலாமா, பயிற்சியாளர் மாறினால் மீதிப் பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாதத்துக்கு மாதம் கட்டுவதே பாதுகாப்பு. நுகர்வோருக்கு ஒருதலையாகப் பாதகம் செய்யும் ஒப்பந்தங்களை எதிர்க்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாரை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. ரசீதில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது பவுடர் விற்பனை. தனிப் பயிற்சியோடு புரோட்டீன் டப்பாவையும் சேர்த்துத் தலையில் கட்டும் பயிற்சியாளர்களிடம், நம் உடம்புக்கு ஏற்ற அறிவுரையா கமிஷனுக்கான அறிவுரையா என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர்களை உண்ண வேண்டாம் என்றே சொல்கிறது. சாதாரணமாக வளர்ந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. பயிற்சி செய்பவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், காசிமேட்டு மீன் ஆகியவற்றிலேயே பெற்றுவிடலாம். டப்பாவைத் தாண்டி ஊசி, மாத்திரை என்று பேச்சு போனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதே குற்றம். இதயத்தையும் கல்லீரலையும் குழந்தைப் பேற்றையும் கெடுக்கும் பொருளை, பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பவரை மாஸ்டர் என்று அழைப்பது எவ்வளவு வேதனையானது! பெற்றோர் இதைக் கேட்டு விசாரிக்க வேண்டும்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் என்று குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சொல்லித்தந்த தேகப்பயிற்சிக் கூடங்கள் இங்கே இருந்தன. அங்கே ஆசானின் கண் எல்லாப் பிள்ளைகள் மீதும் இருந்தது, கூடுதல் பணம் கட்டியவர் மீது மட்டும் அல்ல. இன்றைய இளம் பயிற்சியாளர்களை நான் குறை கூறவில்லை. நாம் கட்டும் தொகையில் ஒரு பங்குதான் அவர்களுக்குப் போகிறது; மாதம் இத்தனை பேரைப் பிடித்துத் தர வேண்டும் என்ற நெருக்கடியும் அவர்கள் மீது இருக்கிறது.

சென்னை மாநகராட்சியும் தன் பங்குக்கு உடற்பயிற்சிக் கூடங்களை நடத்துகிறது. தனியார் கூடத்தின் கட்டணத்தைக் கட்ட முடியாதவர்களுக்கு அவையே கதி. அங்கே கருவிகளை வாங்கிப்போடுவதோடு நிறுத்தாமல், தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவரையும், பெண்களுக்கெனத் தனி நேரத்தில் பெண் பயிற்சியாளரையும் நியமிக்க வேண்டும் என்று மாநகராட்சி ஆணையரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதியில் விளையாடி வளர்ந்து வேலையில்லாமல் இருக்கும் குத்துச்சண்டை, கால்பந்து வீரர்களுக்குப் படிப்பும் சான்றிதழும் பெற்றுத்தந்து அந்தப் பணியில் அமர்த்தலாம். தனியார் கூடங்கள் தங்கள் பயிற்சியாளர்களின் சான்றிதழையும், தனிப் பயிற்சிக் கட்டணத்தையும், பணத்தைத் திருப்பித் தரும் விதியையும் வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதை உரிமம் வழங்கும்போது நிபந்தனையாகச் சேர்க்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.