நைட் டியூட்டி முடித்த பிள்ளையைத் தூங்க விடுங்கள்

நெல்லைச் சீமையில் நர்சிங் கல்லூரி நடத்துகிற முதல்வர்கள், டியூட்டர் மேடங்கள், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் இருந்து பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷ மாணவி எழுதுகிறேன். என் பெயரும் போடவில்லை, கல்லூரிப் பெயரும் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், இன்டர்னல் மார்க் உங்கள் கையில்தானே இருக்கிறது. தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் வேறு கல்லூரிகளில் படிக்கிற சேக்காளிகளிடம் கேட்டாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எந்த ஒரு கல்லூரியும் இதைத் தன்மேல் வந்த புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் எங்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். மூடிய கண்ணைப் பின் வரிசையில் பாதிப் பேர் திறக்கவே இல்லை, எல்லோரும் முந்தின ராத்திரி டியூட்டி பார்த்தவர்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது" என்று ஒரு மேடம் கோபப்பட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கணக்காகவே சொல்கிறேன். காலையில் 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வகுப்பில் இருந்துவிட்டு, ராத்திரி 8 மணிக்கு வார்டுக்குப் போனால், 11 மணிக்கே நாங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. 17 மணி நேரம் தூங்காதவரின் கவனம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்றும், 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம் என்றும் 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவே 0.03 சதவீதம்தான். அதாவது வண்ணார்பேட்டையில் ஸ்கூட்டர் ஓட்டத் தகுதியில்லாத நிலையில் ஒரு பிள்ளை, விடியற்காலையில் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, மாற்றி எடுத்தால் டோஸ் இரண்டரை மடங்கு மாறிவிடும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். சொக்குகிற கண்ணுக்குச் சிவப்பு ஏது, ஆரஞ்சு ஏது? அதை முடித்துவிட்டு 9 மணி வகுப்புக்கு வா என்றால் எப்படி மேடம்?

மன அழுத்தத்தை ஆராய்ந்த ஹான்ஸ் செலியே சொன்ன மூன்று கட்டங்களை, முதலில் உடம்பு அபாயத்தை உணர்வது, அப்புறம் எதிர்த்து நிற்பது, கடைசியில் ஓய்ந்து விழுவது என்று முதல் வருஷமே மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள் நாங்கள். பாடம் நன்றாகவே புரிந்திருக்கிறது.

அடுத்து கேர் பிளான், அதாவது ஒரு நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு வேண்டும் என்று நாங்கள் நோட்டில் எழுதிக் காட்டுகிற திட்டம். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்துத்தான் போடப்பட்டது. அந்தக் கணக்கில் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து மார்ஜின் போட்டு, கலர் பேனாவில் கோடு இழுத்து, சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து எழுதுகிற நேரம் வராது. நோயாளியிடம் பேசிய நேரத்தைவிட அவரைப் பற்றி எழுதிய நேரம்தான் அதிகம். பாதி காப்பி என்று உங்களுக்கும் தெரியும், ஆனாலும் எண்ணிக்கை குறைந்தால் கையெழுத்துப் போட மாட்டீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் பயம் உங்களுக்கும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வார்டு போஸ்டிங்குக்கு ஒரே ஒரு நோயாளியை எடுத்து உருப்படியாக எழுதச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கட்டில் பக்கத்தில் நின்று வாயால் கேட்டால் போதாதா? தெரியாதவள் அங்கேயே மாட்டிக்கொள்வாள்.

வார்டு சிஸ்டர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஆள் பற்றாது, கண்ணால் பார்க்கிறோம். ஆனால் "ஸ்டூடண்ட்ஸ் வந்திருக்காங்கல்ல" என்று காலையில் இருந்து லேபுக்கு ரத்தம் கொண்டு ஓடவும் பிபி பார்க்கவும் மட்டுமே விட்டால், ஒரு டிரெஸ்ஸிங் கிட்ட நின்று பார்க்காமலேயே போஸ்டிங் முடிந்துவிடுகிறது.

முதல் மரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் கஞ்சி ஊட்டிவிட்ட தாத்தாவுக்குச் சாயங்காலம் தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, துணியில் சுற்றி அனுப்புகிறோம். "பழகிரும் பிள்ளே" என்பார்கள், அன்போடுதான் சொல்வார்கள். கை கழுவியதும் அடுத்த கட்டில். ஒரே ஒரு சிஸ்டர் மட்டும் ஒருமுறை என்னை டியூட்டி ரூமில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, அவர் பார்த்த முதல் சாவைப் பற்றிச் சொன்னார். பத்து நிமிஷம்கூட இருக்காது. அன்றைக்குத்தான் ராத்திரி சாப்பிட்டேன். இதை எந்தப் பாடத்திட்டமும் தடுக்கவில்லையே!

வீட்டில் சொல்லேன் என்பீர்கள். முக்கூடல் பக்கம் எங்கள் அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இருட்டும் வரை பீடி சுற்றுகிறாள், அதில்தான் ஃபீஸ். முடியலை என்று போனில் சொன்னால் "வந்திருட்டி" என்று உடனே சொல்லிவிடுவாள், அதனாலேயே சொல்வதில்லை. கல்லூரியில் கவுன்சலர் உண்டு, ஆனால் மார்க் போடுகிற மேடமே கவுன்சலராகவும் இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? மார்க்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அதையாவது மெஸ் வாசலில் ஒட்டுங்கள். ஹாஸ்டல் ஃபைன் பட்டியல் ஒட்டியிருக்கிற இடத்திலேயே ஒட்டினாலும் சரி, அதை எல்லோரும் படிக்கிறோம்.

பரீட்சை முடிந்ததும் அடுத்த ரொட்டேஷன் சார்ட் போடுவீர்கள். அதில் நைட் முடிந்த மறுநாள் கட்டத்தில் "கிளாஸ்" என்று இருப்பதை அடித்துவிட்டு "ஆஃப்" என்று எழுதுங்கள். மற்றதைத் தூங்கி எழுந்து வந்து பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி