பரணில் இருக்கும் விதைக் கிழங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு திருத்திய நெல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 இரண்டின் விளைச்சலையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையின் முக்கியமான காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருப்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலையாக இருக்கிறது.

நஞ்சநாட்டில் உருளைக்கிழங்கு போடுகிறவன் நான். தோண்டியதில் முட்டை அளவுக் கிழங்காகப் பொறுக்கிப் பரணில் பரப்பி, முளை விட்டதும் அடுத்த போகத்துக்கு நடுவோம். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா வந்தபோதும், அதிலிருந்து விதை எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போன வருஷம் ஒரு கம்பெனி ஆள் ஒப்பந்தச் சாகுபடி என்று வந்தார். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம். மூட்டைமேல் உட்கார்ந்து என் மகள்தான் படித்துச் சொன்னாள்: மிச்ச விதையைத் திருப்பித் தர வேண்டும், விளைந்ததில் ஒரு கிழங்கைக்கூட விதைக்கு வைக்கக் கூடாது. நான் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டுவிட்டார்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், 39-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது. அதன்படி, பதிவு பெற்ற ரகமானாலும் விவசாயி அதன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பொட்டலத்தில் அந்த ரகத்தின் பெயரைப் போட்டு மட்டும் விற்கக் கூடாது. 2019-ல், தான் பதிவு செய்த எஃப்எல் 2027 உருளையை வளர்த்தார்கள் என்று குஜராத் விவசாயிகள் நால்வர்மீது பெப்சிகோ தலா ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டதே, அப்போது ஊரெல்லாம் எடுத்துக் காட்டியது இந்தப் பிரிவைத்தான். எதிர்ப்புக் கிளம்பியதும் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2021-ல் ரத்தான அந்த ரகத்தின் பதிவு, 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டும் உயிர்பெற்றது. ஆனாலும் 39-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

சரி, காப்புரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு உண்டா? இல்லை. செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது என்று 3(ஜே) பிரிவு சொல்வதால், விவசாயிக்குத் தனி விலக்கு தேவைப்படவில்லை. விதைக்குள் வைத்த மரபணுவுக்கு? காய்ப்புழுவைத் தாங்க மரபணு சேர்த்த பிடி பருத்தியில், அமெரிக்க விதைக் கம்பெனியான மான்சான்டோவின் காப்புரிமை செல்லாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம், 2018-ல். அந்தத் தீர்ப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 2019-ல் முழு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு அதுவும் பதில் சொல்லவில்லை.

நாளைக்கு மரபணு திருத்திய உருளை ஒன்று மலைக்கு வந்தால், என் பரணில் கிடக்கும் கிழங்குக்கு எந்தச் சட்டம்? 39-ல் உள்ள உரிமையைக் காப்புரிமைச் சட்டத்திலும் இப்போதே எழுத வேண்டும். விதை வயலுக்கு வந்த பிறகு, வழக்கு வந்த பிறகு, பேசிப் பயனில்லை.

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 39-ஆம் பிரிவை முழுதாகத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் ஊர் டீக்கடையில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உருளைக்கிழங்கு விவசாயி,
நஞ்சநாடு, நீலகிரி.