கைக்கணினியோடு விசைப்பலகையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, எங்கள் பயிலகத்துக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் 'டேப் வாங்கினால் போதாதா, சார்?' என்று கேட்டபடி இருக்கிறார்கள். தட்டச்சும் கணினியும் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவன் என்ற முறையில் என் பதிலை இங்கு எழுதுகிறேன்.

படிப்பதற்கும் பாடக் காணொளி பார்ப்பதற்கும் கைக்கணினிக்கு இணை இல்லை. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வேலை செய்பவர்களுக்கும் அது பேருதவி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024-இல் அரசு கைக்கணினி வழங்கியதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மதிப்பெண்ணைப் பதிய அதுவே வசதி.

சிக்கல், எழுதத் தொடங்கும்போதுதான் வருகிறது. சென்ற மாதம் பிளஸ் 2 மாணவர் ஒருவர், பாடத்திட்டத்தில் உள்ள பைத்தான் என்ற கணினி மொழியின் நிரல் ஒன்றைத் தம் கைக்கணினியில் அடித்துப் பார்த்தார். திரையின் பாதியை விசைகள் அடைத்துக்கொள்ள, மீதியில் ஆறு வரிகள் மட்டுமே தெரிந்தன. 'பிரின்ட்' என்ற கட்டளையின் முதல் எழுத்தை அந்தக் கருவி தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட, நிரல் ஓடவில்லை. பிழை இருந்த இடத்தைத் தொட முயன்றால் அவருடைய கட்டைவிரலே அந்த வரியை மறைத்தது. பைத்தானில் வரித் தொடக்கத்து இடைவெளி பிசகினாலும் நிரல் நின்றுவிடும் என்பதால், அரை மணி நேரம் போராடிய பிறகு பக்கத்திலிருந்த பழைய மேசைக் கணினிக்கு மாறி, பத்து நிமிடத்தில் முடித்தார். அவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை.

விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளின் மேல் சிறு மேடு இருப்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆள்காட்டி விரல்கள் அந்த மேட்டைத் தடவி இடம் அறிவதால்தான் கண் தாளிலும் கை விசையிலுமாக வேலை நடக்கிறது. 1999-இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை முறையிலும் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். இரு கைகளும் மாறி மாறி ஓடுவதற்கென்று அமைக்கப்பட்ட இந்த ஏற்பாடு, வழுவழுப்பான கண்ணாடியின் மேல் ஒற்றை விரலால் குத்தும்போது பயனற்றுப் போகிறது.

அலுவலகங்களிலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில், இடம் மிச்சமாகும் என்று மேசைக் கணினிகளை எடுத்துவிட்டுக் கைக்கணினி வைத்தார்கள். ஒரு பக்கம் வங்கிக் கணக்கு அறிக்கை, மறுபக்கம் எக்செல் என்று இரண்டையும் பெரிய திரையில் ஒப்பிட்டுப் பழகியவர்கள், சில வாரங்களிலேயே பழைய கணினிகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார்கள். கைக்கணினிகள் இப்போது வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கப் பயன்படுகின்றன.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது; அடுத்த மாதமே மத்திய அரசு ஆகாஷ் கைக்கணினியை வெளியிட்டது. ஆகாஷின் தொடுதிரை நகத்தால் அழுத்த வேண்டிய வகை. இன்றைய கருவிகள் அதைவிடப் பல மடங்கு மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அன்று மடிக்கணினி பெற்ற பிள்ளைகள் பலர் அதை எங்கள் பயிலகத்துக்கே தூக்கிவந்து தட்டச்சு பழகினார்கள். ஆகாஷோடு வந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகவே, கைக்கணினி வாங்க முற்படும் பள்ளி நிர்வாகங்கள், அதைக் காரணம் காட்டிக் கணினி ஆய்வகத்தைப் பூட்டிவிடக் கூடாது. மாணவர்களுக்குக் கைக்கணினிதான் என்று முடிவானால், தனி விசைப்பலகை ஒன்றையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும். அதன் விசைகளில் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிற்றுநர் ஒருவர்,
சங்கரன்கோவில்.