டூவார்ட் கோட்டை: விட்டுப்போன 220 ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்காட்லாந்துக் கோட்டைகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் மல் தீவில் உள்ள டூவார்ட் கோட்டையில் மக்லேன் குலத்தார் 600 ஆண்டுகளாக விடாமல் வாழ்ந்து வருகிறார்கள் என்ற வரி உறுத்துகிறது. நடுவில் 220 ஆண்டுகள் அது அவர்கள் கையில் இல்லை.

கடலோரப் பாறைமேல் நிற்கும் அந்தப் பெரிய கோபுரத்தைக் கட்டியவர் 14ஆம் நூற்றாண்டுக் குலத்தலைவர் லக்லன் லுபானக். அது கைவிட்டுப் போனதற்குப் போரும் கடனும் காரணம். 1651இல் இன்வர்கீத்திங் சண்டையில் இளம் தலைவர் ஹெக்டரும் அவருடைய ஆட்களில் பெரும்பகுதியினரும் மாண்டார்கள். தலைவரைக் காக்கக் குலத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள் ஒருவர்பின் ஒருவராக, "ஹெக்டருக்காக இன்னொருவன்!" என்று கூவிக்கொண்டே முன்னால் வந்து விழுந்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அப்புறம் மக்லேன் குடும்பத்தின் கடன் பத்திரங்களைக் கேம்பெல் குலத் தலைவரான ஆர்கைல் பிரபு தன் கைக்குக் கொண்டுவந்தார். 1691இல் கோட்டையும் கேம்பெல் குடும்பத்துக்கே போய்விட்டது. கொஞ்ச காலம் அரசுப் படை தங்கியிருந்தது. 1751இல் அதுவும் கிளம்பியபின் கூரை போய், வெறும் சுவர்தான் மிச்சம்.

1911இல் அந்த இடிபாட்டை விலைக்கு வாங்கினார் 26ஆம் குலத்தலைவர் ஃபிட்ஸ்ராய் மக்லேன். கிரிமியப் போரில் பணியாற்றியவர். அப்போது வயது 76. பாட்டன் பூட்டன் வீட்டைக் கிரயம் கொடுத்து மீட்டு, கூரை போட்டுக் குடியேறினார். 1912இல் கடல் கடந்தெல்லாம் மக்லேன்கள் அங்கே வந்து கூடினார்கள். 101 வயது வரை வாழ்ந்து 1936இல் மறைந்தார். இந்த மனிதரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு வருஷம் முன்பு மகளோடு ஓபன் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனபோது அந்தச் சுவர்களைப் பார்த்து வெகுநேரம் மேல்தளத்திலேயே நின்றிருந்தேன். உள்ளே நாம் நடக்கும் தளமும் தலைக்குமேல் உள்ள கூரையும் பெரும்பாலும் அந்த முதியவர் போட்டவை.

இன்னொன்று. கிளான், அதாவது குலம் என்பதை "நம்ம ஊர் சாதி மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். ஆனால் எல்லாரும் ஒரே ரத்தம் அல்ல. தலைவரின் நிழலில் குடியிருந்தவர்களும் அவர் பெயரை ஏற்றார்கள். குலம் விட்டுக் குலம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சாதாரணம். லக்லன் லுபானக்கே மெக்டொனால்ட் குலத்தில்தான் பெண் எடுத்தார்.

சில ஆண்டுகளாகக் கூரையிலும் சுவரிலும் மழைநீர் இறங்கி, நன்கொடை திரட்டிப் பழுதுபார்த்து வருகிறார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தமும், முடிந்தால் 1911க்கு முந்தைய இடிபாட்டின் படம் ஒன்றும் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்